சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஃபிட்டருக்கு வேலை கிடைத்து இது மூன்றாவது வாரம். மூன்று வாரமாக அந்த வீட்டில் எதுவும் உடையவில்லை.

இதை அவர் மனைவி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்ற பயம். காலையில் கண் விழித்ததும் கடவுளிடம் மட்டும் சொல்லிக்கொள்வாள். "நேத்தும் ஒண்ணும் ஆகலை. இன்னைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அவர் ஃபிட்டராக இருந்த ஆலை மூடிய பிறகு ஆறு வருடம் வீட்டோடு கிடந்தார். வேலை தேடித் தேடிக் கால் ஓய்ந்தது; கை ஓயவில்லை. அது தானாக எதையாவது தேட ஆரம்பித்தது. முதலில் டம்ளர். பிறகு நாற்காலி. பிறகு படுக்கையறைக் கதவில் ஒரு முஷ்டி அளவுக்கு ஓட்டை. அதன் மேல் காலண்டரை மாட்டி மறைத்தாள் மனைவி. போன மழைக்காலத்தில் அவள் கன்னம். ஒரே ஒரு முறைதான். ஆனால் ஒரு முறை விழுந்த அடி அதோடு முடிந்துவிடுவதில்லை. அவர் தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினாலும் அவள் தோள் ஒரு கணம் சுருங்கும்.

பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. மூன்று வருடத்துக்கு மேல் வேலையில்லாமல் இருப்பவர் யார் கேட்டாலும் அரசாங்கம் வேலை கொடுத்தே ஆக வேண்டும். ஃபிட்டர் கேட்டார். ஒரு பச்சைச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் கொடுத்து, நகரத்தை இரண்டாக வகுந்துகொண்டு ஓடும் பெரிய கால்வாயில் தூர் வார அனுப்பினார்கள்.

பச்சைச் சட்டையை அவரே துவைத்து, அவரே இஸ்திரி போட்டார்.

"சகதி வாரப் போறதுக்கு மடிப்புக் கலையாத சட்டையாப்பா?" என்று மகள் சிரித்தாள்.

"சகதிக்கும் ஒரு மரியாதை வேணாமா?" என்றார். ஆறு வருடத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது.

அந்தச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாசற்கதவை யாரோ காலால் உதைத்தார்கள்.

மனைவி ஓடிப்போய்த் திறந்தாள். நின்றது அவளுடைய தம்பி. அந்தத் தெருவில் அவனுக்கு 'வெடி' என்று பெயர். திரி வேண்டாம், தீக்குச்சி வேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்பார்கள்.

"அக்கா, எங்க உன் புருஷன்?"

"அடேய், கதவைப் பேத்துட்டுத்தான் கேப்பியா? உள்ள வா. சாப்பிட்டியா?"

"வா மாப்ளே!" ஃபிட்டர் முகமெல்லாம் மலர எழுந்தார். "கால்வாய்ப் பக்கம் போனியா? பாத்தியா?"

"பாத்தேன்."

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த முக்காலியை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதிக் கால் முறிந்து விழுந்தது.

"எங்க பாகத்துல எதுக்குக் கை வச்சீங்க?"

ஃபிட்டருக்குப் புரியவில்லை. "சும்மாதான் மாப்ளே. எங்க பங்கு சாயங்காலத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. வெளிச்சம் இருந்துச்சு. நீங்க பாலத்துக்கு அடியில கண்ணாடித் துண்டுல காலைக் கிழிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, காலையில வந்து பாத்தா ஒரு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு…"

"சந்தோஷமா?"

"உனக்குத்தானே செஞ்சேன்."

கால்வாய்ச் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சைச் சட்டைக்காரர்களுக்கு; அவர்களுக்கு நாள் கூலி, எவ்வளவு வாரினாலும் ஒன்றுதான். அந்தப் பக்கம் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு. அவர்கள் வாரிய நீளத்துக்குத்தான் காசு. வெடியும் அவன் கூட்டாளிகளும் பாலத்துக்கு அடியில் இருந்த கஷ்டமான பகுதியை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கம்பியும் கண்ணாடியும் செத்த நாயுமாகக் கிடந்த இடம். அங்கே பட்ட நஷ்டத்தைச் சரிக்கட்டத்தான் கோட்டை ஒட்டியிருந்த ஆழமில்லாத, மெத்தென்ற சகதியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். ஃபிட்டர் ஆசை ஆசையாக வாரிக் கொடுத்தது அதைத்தான்.

"விடிஞ்சதும் அளக்க வந்த ஆளு, 'இது பச்சைச் சட்டை வேலை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எங்களுக்கு ஒரு முழம்கூட இல்ல. அதோட போச்சா? பச்சைச் சட்டைக்காரங்களே கோட்டைத் தாண்டி வாரிக் குடுக்கும்போது உங்களுக்கு எதுக்குடா தண்டக் கூலின்னு கேக்கறான் காண்ட்ராக்டர். நாளையிலருந்து வர வேண்டாம்னுட்டான். மொத்தப் பேரையும்!"

ஃபிட்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் வந்து சொல்றேன் மாப்ளே. தப்பு என்னோடதுன்னு…"

"கிழிச்சீங்க! ஆறு வருஷம் எங்கக்கா சம்பாத்தியத்துல உக்காந்து தின்னீங்க. இப்ப எழுந்து வந்து என் சோத்தைப் பிடுங்கறீங்க!"

மேசையில் கட்டி வைத்திருந்த சாப்பாட்டு அடுக்கை எடுத்து வீசினான். அது ஃபிட்டரின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் வெடித்தது. மடிப்புக் கலையாத சட்டையில் குழம்பு வழிந்தது.

"டேய், போதும்டா!" என்று நடுவில் வந்தாள் மனைவி. அவன் அவளைத் தள்ள நினைக்கவில்லை. ஆனால் அவன் முழங்கை தள்ளியது. அவள் நெற்றி கதவு நிலையின் முனையில் மோதியது. தேங்காய் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

புருவத்துக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

ஃபிட்டர் எழுந்தார். அவர் வலது கை முஷ்டியாக மடங்கி மேலே போனது. அந்த முஷ்டியை அவளுக்குத் தெரியும். கதவுக்கும் தெரியும்.

"பச்சைச் சட்டை போட்டிருக்கீங்க!" என்று கத்தினாள்.

முஷ்டி அந்தரத்தில் நின்றது.

கை ஓங்கியவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பெயரை அடித்துவிடுவார்கள். திரும்பக் கேட்க வேண்டுமென்றால் மறுபடியும் மூன்று வருடம் வேலையில்லாமல் கிடந்திருக்க வேண்டும். மூன்று வருடம்! அவள் அதை நினைத்துப் பார்க்கவே பயந்தாள்.

வெடி அக்காவின் நெற்றியைப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆனது. "அக்கா…" என்று ஆரம்பித்தான். மன்னிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நல்ல வார்த்தைக்குத்தான் நமக்கு வெட்கம் அதிகம். கெட்ட வார்த்தை முந்திக்கொண்டது.

"கால்வாய்க்கு வாங்க மாமா. அங்க பேசிக்கலாம்."

அவன் போன பிறகு அவள் ஒரு பழைய துணியைக் கிழித்து நெற்றியில் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்குப் போகாதீங்க."

"போகாம இருந்தா நான் தப்பு பண்ணி ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி ஆயிடும். எங்க பொம்பளை சூப்பர்வைசர் நியாயமானவங்க. அவங்ககிட்ட சொல்லி அந்த அளவை மாத்தச் சொல்றேன். அவனுக்குச் சேர வேண்டியது அவனுக்குச் சேரட்டும்."

"கையை மட்டும்…"

"தெரியும்" என்றார் ஃபிட்டர்.

*

சூப்பர்வைசர் அம்மா கால்வாய்க் கரையில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஃபிட்டர் சொன்னதைக் கேட்டதும் குடையை மடக்கிவிட்டாள், திட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பது போல.

"உங்க பங்கு முடிஞ்சா உக்காருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"அப்புறம் என்ன? உக்கார்றதுக்குமா ஒருத்தர் சொல்லித் தரணும்?"

"ஆறு வருஷம் உக்காந்துட்டேம்மா. இனிமே முடியலை."

பக்கத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் தலையை நிமிர்த்தினார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். கண் மங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "என்னைக் கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே ஃபிட்டரே. நான் உக்காந்துக்கிட்டே வேலை பாத்தவன்."

சூப்பர்வைசர் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. அளவெடுத்தவர்கிட்ட நான் பேசறேன். அந்தப் பாகம் அவங்களோடதுதான்னு சொல்லிடறேன். நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கமே இருங்க. அந்த ஆளுங்க வந்தா வாயைத் திறக்காதீங்க."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. ஒரு மணி நேரம் முந்திக் கிடைத்திருந்தால் எல்லாருக்கும் உதவியிருக்கும்.

அவள் போனில் பேசி முடித்தபோது காண்ட்ராக்ட் ஆட்கள் பாலத்துப் படிகளில் இறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு மண்வெட்டி. வேலை செய்ய வருகிறவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். இவர்கள் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"நில்லுங்கப்பா! நான் பேசிட்டேன், உங்க பாகம் உங்களுக்கு…" என்று சூப்பர்வைசர் அம்மா குரல் கொடுத்தாள். யார் காதிலும் விழவில்லை. முதல் செங்கல் அவள் மறுபடி விரித்திருந்த குடையைக் கிழித்துக்கொண்டு போய் டிரைவரின் வாயில் பட்டது. அவர் உதட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவே ஒரு பல் வந்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பச்சைச் சட்டைக்காரர்களில் பாதிப் பேர் கரையேறி ஓடினார்கள். மீதிப் பேர் கூடைகளைக் கேடயம் மாதிரி தூக்கிப் பிடித்தார்கள். கூடை மேல் கட்டை விழுந்தது, கட்டை மேல் கல் விழுந்தது. ஒருவனுடைய காது பாதி தொங்கியது. சகதியில் ரத்தம் தெரியாது. ஆனால் வாடை தெரியும்.

ஃபிட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"மாப்ளே, கேளுடா. அந்தம்மா சொல்லிட்டாங்க, உன் பாகம்…"

வெடி மண்வெட்டியை வீசினான். தட்டையான பக்கம் ஃபிட்டரின் தோளில் விழுந்தது. அவர் தள்ளாடி, கால்வாய்ச் சுவரை இடது கையால் பிடித்தார். இரண்டாவது வீச்சு அந்தக் கை மேல் விழுந்தது. இந்த முறை கூரான பக்கம். விரல் எலும்பு உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது.

அவர் கத்தவில்லை. வெடியின் சட்டையை வலது கையால் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் உருண்டு, வாரிக் குவித்திருந்த சகதிக்குள் விழுந்தார்கள். மண்வெட்டி வெடியின் கையை விட்டு எங்கோ போனது.

அங்கேயே விட்டிருக்கலாம்.

விடவில்லை. அவன் முதுகில் முழங்காலை ஊன்றினார். பிடரியைப் பிடித்தார். முகத்தைச் சகதிக்குள் அழுத்தினார்.

அவன் துள்ளினான். கால் இரண்டும் உதைத்துக்கொண்டன. ஒரு கை சேற்றை அடித்துக்கொண்டே இருந்தது. ஃபிட்டரின் வலது கையில் நடுக்கமே இல்லை. ஆலையில் இறுகிப்போன போல்ட்டைத் திருகும்போது இருக்கிற அதே நிதானம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தியது. கோபம்கூடக் கரைந்து போய்விட்டிருந்தது. ஒரு வேலையைச் செய்து முடிக்கிற திருப்தி மட்டும்தான் மிச்சம்.

சேற்றை அடித்துக்கொண்டிருந்த கை அடங்கியது.

"ஃபிட்டரே…" டிரைவரின் குரல். வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் குழறலாக வந்தது. "ஃபிட்டரே, அவன் மூச்சு விடலை."

தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி எழுப்பியது போல ஃபிட்டர் விழித்தார். தன் கையைப் பார்த்தார். அதன் கீழே மனைவியின் தம்பி. கல்யாணத்தன்று அவர் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை.

"ஐயோ!"

ஒரே இழுப்பில் அவனைத் தூக்கிக் கரையில் போட்டார். முகமே இல்லை, கறுப்பாக ஒரு கட்டி. விரல்களை அவன் வாய்க்குள் விட்டுச் சகதியைத் தோண்டித் தோண்டி எடுத்தார். மூக்கைத் துடைத்தார். குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். புரட்டி, தன் வாயை அவன் வாயில் வைத்து ஊதினார். உடைந்த விரல்கள் வேறு வேறு திசையில் நின்றன. அதை அவர் பார்க்கவில்லை.

"கடவுளே, கடவுளே, கடவுளே."

வெடி ஒரு முறை விக்கினான். பிறகு ஃபிட்டரின் நெஞ்சின் மேல், குழம்புக் கறை பட்ட அந்தப் பச்சைச் சட்டையின் மேல், கால்வாயையே வாந்தி எடுத்தான்.

*

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில்தான் மகளுக்கு வேலை. வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சேறு படிந்த ஒரு முகத்தைத் துடைத்தபோது அது அப்பாவின் முகமாக இருந்தது. அடுத்த தள்ளுவண்டியில் மாமா.

கத்தரிக்கோலை எடுத்து, கைப்பட்டையிலிருந்து கழுத்து வரை பச்சைச் சட்டையை வெட்டினாள்.

"வெட்டாதம்மா, துவைச்சுப் போட்டுக்கலாம்" என்றார் ஃபிட்டர்.

"கையை அசைக்காதீங்கப்பா." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சும்மா இருங்க, கொஞ்ச நேரமாவது."

மனைவி வந்து சேர்ந்தாள். நெற்றியில் காலையில் கட்டிய துணி பழுப்பாகக் காய்ந்திருந்தது. முதலில் தம்பியின் கட்டிலுக்குப் போனாள். மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு கணவனிடம் வந்தாள்.

சூப்பர்வைசர் அம்மாவும் ஒரு போலீஸ்காரரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"முதல்ல மண்வெட்டியை வீசினது அந்த ஆளு" என்றாள் சூப்பர்வைசர் அம்மா. "இவர் ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னாரு. அது நான் பாத்தது. அப்புறம் நான் போன் பண்ண மேல ஏறிட்டேன். ஃபிட்டர், உங்களைக் காப்பாத்திக்கத்தானே பிடிச்சுத் தள்ளினீங்க? அப்படின்னா உங்க வேலைக்கு ஆபத்தில்லை."

போலீஸ்காரர் ஃபிட்டரைப் பார்த்தார். "அப்படித்தானா?"

ஃபிட்டர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமான்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவன் உன் தம்பி. உள்ள தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். நான் போய்ப் பாத்துக்கறேன், சோறு கொண்டுபோய்க் குடுக்கறேன். அவன் வருவான். உங்களுக்கு வேலை போச்சுன்னா…" அவள் குரலைத் தாழ்த்தினாள். மகள் கேட்கக் கூடாது என்று நினைத்தாள்; ஆனால் மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இன்னொரு மூணு வருஷம் அந்த வீட்டுல என்னால இருக்க முடியாதுங்க. உங்களோட இருக்க முடியும். வேலையில்லாத உங்களோட முடியாது. இத்தனை நாள் சொன்னதில்லை. இப்ப சொல்றேன்."

இருபது வருடக் குடித்தனத்தில் அவள் அவரைச் சொல்லச் சொன்ன ஒரே பொய் அது. அவள் பேராசைக்காரி இல்லை. நிம்மதியாக ஒரு டம்ளரைக் கழுவி வைக்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் ஃபிட்டர். "வேலை வந்தா கை அடங்கிடும்னு. மூணு வாரமா அடங்கித்தான் இருந்துச்சு."

"அதைத்தான் சொல்றேன்…"

"கேளும்மா. இன்னைக்கு எனக்கு வேலை இருந்துச்சு. பச்சைச் சட்டை உடம்புல இருந்துச்சு. அவன் மண்வெட்டி கைய விட்டுப் போயிடுச்சு. அப்பவும் அழுத்தினேன். அவன் கை அடிச்சுக்கிட்டது எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் அழுத்தினேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேலையில்லாததால கெட்டுப்போன கை இல்ல இது. அதை இத்தனை வருஷம் சாக்கு சொல்லிட்டேன். இப்பவும் பொய் சொல்லி வேலையைக் காப்பாத்திக்கிட்டா, அடுத்த தடவை இந்தக் கை உன் கழுத்துல இருக்கும். அப்ப எந்தச் சட்டை போட்டிருந்தாலும் ஒண்ணுதான்."

பிறகு போலீஸ்காரரிடம் திரும்பினார். "அவன் அடிச்சான், உண்மை. அதுக்கப்புறம் அவன் கையில ஒண்ணும் இல்லாதப்ப, சாகட்டும்னு முக்கினது நான். எழுதிக்குங்க."

சூப்பர்வைசர் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நல்லது பண்ணணும்னு நெனச்சாலும் விட மாட்டீங்க."

"மன்னிச்சுக்குங்கம்மா. அந்த அளவை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

"அதைச் சொல்லிட்டேன். அவங்க பாகம் அவங்களுக்கு. காண்ட்ராக்டரையும் கூப்பிட்டுக் கேக்கறேன்." அவள் ஃபிட்டர் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எங்க ஆபீஸ்ல குழு கூடும். உங்க பேரை அடிக்கறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. நான் பாத்ததைச் சொல்லுவேன். அவனைத் தூக்கிப் போட்டு மூச்சு குடுத்ததையும் டிரைவர் சொன்னார். அதையும் சொல்லுவேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

கட்டிலில் ஒரு முனகல். வெடி கண்ணைத் திறந்திருந்தான். எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தான், எதையெல்லாம் கேட்டான் என்று தெரியவில்லை.

"தண்ணி" என்றான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஃபிட்டர்தான். யோசிக்காமல் டம்ளரை எடுத்து அவன் முகத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

வெடி தலையைத் தலையணைக்குள் இழுத்துக்கொண்டான். கண்கள் விரிந்தன. அந்தக் கையைப் பார்த்து அவன் உடம்பு முழுவதும் சுருங்கியது. தன் மனைவியின் தோள் சுருங்குவதைப் பல முறை பார்த்தும் பார்க்காதவர், இதை நன்றாகப் பார்த்தார்.

அவர் டம்ளரை மனைவியிடம் நீட்டினார். "நீ குடு."

அவள் வாங்கப் போனாள்.

"இல்லக்கா." தொண்டை புண்ணானதால் வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "அவரே குடுக்கட்டும்."

ஃபிட்டரின் கை நடுங்கியது. சகதியில் நடுங்காத கை, அரை டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாமல் நடுங்கியது. பாதி மோவாயில் வழிந்தது. மீதியை வெடி குடித்தான். ஒவ்வொரு மடக்குக்கும் முகம் சுளித்தான். ஆனால் தலையை நகர்த்தவில்லை. குடித்து முடித்துவிட்டு அக்காவின் நெற்றியைப் பார்த்தான்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"இப்ப கேளு" என்றாள் அவள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

அப்போதுதான் வெளியே போயிருந்த மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, வாசல்ல மாமாவோட ஆளுங்க நிக்கிறாங்க. மண்வெட்டியோட. மாமா செத்துட்டாருன்னு யாரோ சொல்லிட்டாங்க. நான் போய் இல்லைன்னு சொன்னேன். உங்கப்பனைக் காப்பாத்தப் பொய் சொல்றியான்னு கேக்கறாங்க."

வெடி எழ முயன்றான். "நான் வந்து…" அதற்குள் இருமல் அவனை மடக்கிப் போட்டது. குழாயில் சிவப்பாக ஏதோ ஏறியது. மகள் அவனைப் படுக்க வைத்தாள்.

போலீஸ்காரர் போனை எடுத்தார். "யாரும் அசையாதீங்க. நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஆளுங்களை வரச் சொல்றேன். வந்தா அரை நிமிஷத்துல கலைச்சிடுவாங்க."

"எப்படிக் கலைப்பாங்க?" என்று கேட்டார் ஃபிட்டர்.

போலீஸ்காரர் இடுப்பு லத்தியைச் சரி செய்துகொண்டார். எப்படி என்று எல்லாருக்கும் தெரியும்.

"துணி வெளுக்கிற அறை வழியா பின்னால போயிடலாம்பா" என்றாள் மகள்.

"பின்னால போனா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். இங்கயே இருந்தா அவங்க மண்டை உடையும். அவங்க சோத்துல மண்ணைப் போட்டதும் நான். மண்டையையும் நானே உடைக்கணுமா?" அவர் எழுந்து நின்றார். கட்டுப் போட்ட இடது கையை மகள் தூளியில் தொங்கவிட்டிருந்தாள். "அளவு மாறிடுச்சுன்னு யாராவது போய்ச் சொல்லணும். அவன் தண்ணி குடிச்சான்னு சொல்லணும். நான் சொன்னாத்தான் முறை."

"அடிப்பாங்கப்பா!"

"அடிப்பாங்க."

வராந்தாவில் நடந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வாசல் தெரிந்தது. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர் தலையைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். மண்வெட்டிகள் கல்லில் உரசும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

ஃபிட்டர் கதவருகே நின்றார். வலது கையைப் பார்த்தார். அது ஏற்கனவே மடங்க ஆரம்பித்திருந்தது.

அதை மனைவியின் பக்கம் நீட்டினார்.

"இதைப் பிடிச்சுக்கோ" என்றார். "என்ன நடந்தாலும் விட்டுடாதே."

அவள் தோள் சுருங்கவில்லை. அந்த முஷ்டியைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தோளால் கதவைத் தள்ளினாள். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.